மைதானத்தின் பாகப்பிரிவினை

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்பது, கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் தலையசைக்கும் வசனங்களுள் ஒன்று. பொய் சொல்லலாகாது, பெரியோரைப் பேண வேண்டும் என்பவற்றைப் போலவே அதற்கும் எதிர்வாதம் எழுவதில்லை. ஆயினும் அந்த வசனம் எந்தச் சந்தர்ப்பத்தில், யாருடைய வாயிலிருந்து, யாரை நோக்கிப் பிறக்கிறது என்று சற்றே நின்று கவனிப்போமானால் ஒரு விசித்திரம் புலப்படும். மைதானத்தைக் கைவசம் வைத்திருப்பவர்கள், அது தங்கள் கைக்கு எவ்வாறு வந்தது என்று பிறர் விசாரிக்கத் தொடங்கும் வேளையிலேதான் பெரும்பாலும் அதனை எடுத்து ஓதுகிறார்கள். பம்பாய் நகரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்து 1946-ஆம் ஆண்டில் ஓய்ந்துபோன ஒரு கிரிக்கெட் பந்தயத்தின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு பார்த்தால், அது வெறும் ஓட்டங்களின் கணக்காக நில்லாமல், ஒரு தேசம் தன்னைத் தானே பங்கு போட்டுக்கொண்ட கதையின் முன்னுரையாகவே தோன்றும்.

பம்பாய்க் கோட்டையின் மதில்களுக்கு அப்பால் எஸ்பிளனேடு என்ற பெயரில் பரந்து கிடந்த வெளியே அந்தக் கதை பிறந்த இடம். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களும் துரைமார்களும் மாலை வேளைகளில் மட்டையும் பந்துமாக ஆடுவதைக் கண்டு, அந்த ஆட்டத்தின் மேல் முதலில் மோகம் கொண்டவர்கள் பார்சிச் சிறுவர்கள். 1848-ஆம் ஆண்டிலேயே ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் என்ற சங்கத்தை அவர்கள் நிறுவிவிட்டார்கள். வியாபாரத்திலும் கப்பல் கட்டுவதிலும் ஆங்கிலேயரோடு நெருங்கிப் பழகிய அந்தச் சமூகத்தார், அவர்களுடைய ஆட்டத்திலும் அவர்களுக்குச் சமமாக நிற்க ஆசைப்பட்டது இயல்பே. பார்சிகளைப் பார்த்து இந்துக்களும், இந்துக்களைப் பார்த்து முஸ்லிம்களும் மட்டை பிடித்தனர். வர்த்தகத்தில் இருந்த போட்டி மனப்பான்மை ஆட்டத்திலும் தொற்றிக்கொண்டது என்று சொல்லலாம். எப்படியும் ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில், பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வெளியில் மூலைக்கு மூலை முளைக்கட்டைகள் நட்டுப் பற்பல கோஷ்டிகள் ஆடிக்கொண்டிருந்தன. இடம் ஒன்று, ஆட்டங்கள் பல, ஒருவர் அடித்த பந்து மற்றவர் ஆட்டத்துக்குள் விழுந்தால் எடுத்து எறிந்துவிட்டுத் தம் காரியத்தைப் பார்ப்பார்கள்.

1875-ஆம் ஆண்டில் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியதாகப் பம்பாய் ஜிம்கானா தோன்றியது. மைதானத்தின் ஒரு பாகம் வேலியடைத்து அதற்கு ஒதுக்கப்பட்டது. அந்த வேலியோடு காரியம் முடிந்திருந்தால் ஒருகால் சச்சரவு எழாமலே போயிருக்கும். துரைமார்கள் தம் கிரிக்கெட்டுக்கு வேலிக்குள்ளிருந்த பசும்புல் தரையை வைத்துக்கொண்டு, போலோ ஆடுவதற்கு வேலிக்கு வெளியே இருந்த பொது வெளிக்கு வந்தார்கள். போலோ என்பது குதிரை மேல் இருந்து ஆடும் ஆட்டம். அது நடந்து முடிந்த இடத்தில் மறுநாள் கிரிக்கெட் பந்தை உருட்டினால் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குளம்பு பட்ட பள்ளங்களில் பந்து விழுந்து, மட்டை பிடித்தவனின் முகவாய்க்கும் முழங்காலுக்கும் தாவியது. ஒரு சில துரைமார்களின் குதிரைப் பொழுதுபோக்குக்காக நூற்றுக்கணக்கான சிறுவர்களின் ஆட்டம் பாழாயிற்று.

1881-ஆம் ஆண்டில் சுதேசி ஆட்டக்காரர்கள் பலர் சேர்ந்து கவர்னருக்கு மனு எழுதினார்கள். ஷாபூர்ஜி சொராப்ஜி என்னும் பார்சி அந்தக் கிளர்ச்சியின் முன்னணியில் நின்றவர். பின்னர் 1897-இல் அந்த வழக்கின் வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதி வைத்தார். மனுவுக்கு ஒரு தரம் அனுகூலமான உத்தரவு பிறந்தது; பிறகு ஜிம்கானாவின் செல்வாக்கினால் அது மாறியது; மீண்டும் மனு, மீண்டும் பதில். இந்த வியாஜ்யத்தின் சட்ட நுணுக்கங்கள் நமக்கு முக்கியமல்ல. சர்க்கார் முடிவில் கண்டுபிடித்த பரிகாரமே முக்கியம். கடலை ஒட்டித் தூர்த்தெடுத்த கென்னடி ஸீ ஃபேஸ் நிலத்திலே பார்சிகளின் ஜிம்கானாவுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். பார்சிகளுக்குக் கொடுத்த பின் இந்துக்கள் கேட்டார்கள். இந்துக்கள் கேட்ட பின் முஸ்லிம்கள் கேட்டார்கள். 1890 முதல் 1895 வரை கவர்னராக இருந்த ஹாரிஸ் பிரபுவின் காலத்தில் அவ்விரு சாராருக்கும் பக்கத்தில் பக்கத்தில் துண்டுகள் கிடைத்தன. பிறர் ஆட்டத்தைக் குலைக்கும் குதிரைகளை அப்புறப்படுத்துங்கள் என்று எல்லோரும் பொதுவாகக் கேட்டதற்கு, உன் சமூகத்துக்கு ஒரு துண்டு, அவன் சமூகத்துக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாகப் பதில் வந்தது. பொதுக் குறையைத் தனி உரிமைகளாகப் பங்கிட்டுத் தீர்த்த அந்த நாளிலேயே மைதானத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்பட்டாயிற்று. பின்னால் நடந்தனவெல்லாம் அந்தப் பத்திரத்தின் ஷரத்துக்களே.

ஹாரிஸ் பிரபு இங்கிலாந்தின் கிரிக்கெட் காப்டனாக இருந்தவர். இந்தியாவில் கிரிக்கெட்டைப் பரப்பிய புண்ணியவான் என்று பல புத்தகங்களில் அவருக்குப் புகழ் உண்டு. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பம்பாயில் இந்து முஸ்லிம் கலகம் மூண்டு தெருக்களில் ரத்தம் சிந்தியபோது அவர் புனாவில் இருந்தார் என்பதும், ஒன்பதாம் நாள் திரும்பி வந்ததும் ஒரு கிரிக்கெட் பந்தயத்தை முன்னிட்டே என்பதும் அவர் மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகள். அவர் காலத்தில், 1892-இல், ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் பிரஸிடென்ஸிப் பந்தயம் நிலைபெற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, இங்கிலாந்திலிருந்து வந்த வெர்னன் துரையின் கோஷ்டியைப் பார்சிகள் தோற்கடித்து, ஆளும் இனத்தார் தோற்கவும் கூடியவர்களே என்னும் அரிய செய்தியை ஊர் அறியச் செய்திருந்தனர். 1907-இல் இந்துக்கள் சேரப் பந்தயம் மும்முனையாயிற்று. 1912-இல் முஸ்லிம்கள் சேர நான்முனையாகிக் குவாட்ராங்குலர் என்று பெயர் பெற்றது. 1937-இல் மிச்சமிருந்த கிறிஸ்தவர், யூதர் முதலியோரெல்லாம் 'மற்றையோர்' என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டு உள்ளே வர, பென்டாங்குலர் என்ற ஐம்முனைப் பந்தயமாயிற்று.

இந்த ஆண்டுகளை வேறோர் அட்டவணையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1909-ஆம் ஆண்டில் மிண்டோ மார்லி சீர்திருத்தம் சட்டசபைத் தேர்தலில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி அளித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து முஸ்லிம் கோஷ்டி தனியாக மைதானத்தில் இறங்கியது. 1932-இல் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஐந்தாவது கோஷ்டி வந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. இந்திய ஜனங்களைச் சமூகம் சமூகமாக எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டால் நியாயம் வழங்கியதாகும் என்று எண்ணிய அதே புத்தி, சட்டசபையிலும் வேலை செய்தது, ஆடுகளத்திலும் வேலை செய்தது என்கிறேன்.

இனி, இந்தப் பிரிவுகளில் ஒன்றுக்குள் நுழைந்து பார்ப்போம். இந்துக் கோஷ்டி என்று பெயர் கொடுத்துவிட்டால் இந்துக்கள் எல்லோரும் அதற்குள் சமமாகிவிடுவார்களா? அந்தக் கேள்விக்கு விடையாகவே பல்வங்கர் பாலு என்னும் மனிதர் வாழ்ந்தார்.

தார்வாரில் பிறந்து புனாவில் வளர்ந்த பாலு, தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டிருந்த சாமார் வகுப்பைச் சேர்ந்தவர். தகப்பனார் ராணுவத்தில் ஊழியம் பார்த்தவர். அந்தப் பையனுக்குக் கிரிக்கெட் மைதானத்தில் கிடைத்த முதல் உத்தியோகம் ஆடுவதன்று. தரையை உருளை கொண்டு சமன் செய்வதும், புல் வெட்டுவதும், வலை கட்டுவதும்தான். புனாவின் ஐரோப்பியக் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு அவர் இருந்தபோது, அங்கே ஆடிய துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசும் வேலையும் சேர்ந்தது. கிரெய்க் என்னும் பேர்பெற்ற ஆட்டக்காரர், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்பது வழிவழி வந்த கதை. நாள்தோறும் மணிக்கணக்காகப் பந்து வீசி வீசி, இடக்கையின் விரல்களில் அவர் கற்ற வித்தை அபாரமானது. ஆனால் அத்தனை நாளும் ஒரு தடவையாவது அவர் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னவர் எவருமில்லை என்கிறார்கள். பந்து வீசுவது உழைப்பு; மட்டை பிடிப்பது கௌரவம். அந்த வேற்றுமையை ஐரோப்பியரும் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

புனாவிலிருந்த இந்துக் கிளப்புக்கு ஒரு தர்மசங்கடம் உண்டாயிற்று. வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். ஜெயிக்க வல்லவன் தீண்டத்தகாதவனாயிற்றே என்ற தயக்கம் ஒரு பக்கம். ஆசைதான் வென்றது, ஆனால் தயக்கத்துக்கும் ஒரு மூலையில் இடம் விட்டு வைத்தார்கள். ஆட்டம் நடக்கும்போது பாலு தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள், பந்துக்குத் தீட்டில்லை. தேநீர் வேளை வந்ததும் மற்ற ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் போய்ப் பீங்கான் கோப்பைகளில் அருந்த, பாலுவுக்கு மாத்திரம் வெளியே, குடித்துவிட்டு எறிந்துவிடக்கூடிய மண் குவளையில் தேநீர் வந்தது. முகம் கழுவ வேண்டுமானால் மைதானத்தின் ஓரத்தில் அவருடைய வகுப்பைச் சேர்ந்த வேலையாள் ஒருவன் தண்ணீர் ஊற்றினான். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேஜை. காலையில் எதிரியின் விக்கெட்டுகளைச் சாய்த்த கை, பகலில் பந்தியின் விளிம்புக்கு வந்ததும் அசுத்தமாகிவிட்டது.

நாளடைவில் வெற்றிகள் அந்த மண் குவளையை அப்புறப்படுத்தின. 1896-ஐ ஒட்டிப் பிளேக் நோய்க்காலத்தில் பம்பாய்க்கு வந்த பாலு, இந்துக்களின் முக்கியப் பந்து வீச்சாளராகத் திகழ்ந்தார். 1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்து ஆடிய பெரும் பந்தயத்தில், இந்துக்கள் 242-ம் 160-ம் எடுக்க, ஐரோப்பியர் 191-க்கும் 102-க்கும் சுருண்டு, 109 ஓட்டங்களால் தோற்றனர். பாலு எட்டு விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவருடைய தம்பி சிவராமும் அந்தக் கோஷ்டியில் இருந்தார். சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே வெற்றியின் ராஜீய அர்த்தத்தை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த வெற்றியில் வேறோர் அர்த்தத்தைக் கண்டது, சென்னையில் 1890-இல் தோன்றிப் பின்னர் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' என்னும் பத்திரிகை. தஞ்சை ஜில்லாவிலிருந்து போன காமாட்சி நடராஜன் அதன் ஆசிரியர். வெள்ளையரை வென்றதைக் காட்டிலும், ஒதுக்கப்பட்ட வகுப்பினரான சகோதரர்களோடு உயர் ஜாதியினர் கூடி ஆடியதும் உண்டதுமே பெரிய வெற்றி என்ற கருத்துப்பட அப்பத்திரிகை எழுதியது. மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள் ஒரே சமயத்தில் நடந்தன என்பதைக் கண்டுகொண்ட கண் அது.

1911-இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்தியக் கோஷ்டி இங்கிலாந்து சென்றது. அந்தக் கோஷ்டியும் பார்சி இத்தனை, இந்து இத்தனை, முஸ்லிம் இத்தனை என்று பங்கு வைத்தே பொறுக்கி எடுக்கப்பட்டது. தோல்விகளே மிகுந்த அந்த யாத்திரையில் பாலு மாத்திரம் எல்லாப் பந்தயங்களிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்து மீண்டார். பம்பாயில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். அங்கே வாசித்தளித்த உபசாரப் பத்திரத்தைத் தயாரித்ததில், அப்போது மாணவராயிருந்த பீமராவ் அம்பேத்கருக்குப் பங்குண்டு என்று கூறுவர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மட்டும் கிட்டவில்லை. இந்துக் கோஷ்டியின் தலைமை ஆண்டுக்கு ஆண்டு பாலுவைத் தாண்டியே போயிற்று. 1920-ஆம் ஆண்டில் பாலுவே கோஷ்டியிலிருந்து நீக்கப்பட்டார். காப்டனாக இருந்த பாய் என்பவர் நோயுற்றதால், முதல் ஆட்டத்துக்கு இளையவரான தேவதர் என்பவரைத் தலைவராக்கினார்கள். மூத்த ஆட்டக்காரரான சிவராமும், அவர் தம்பி விட்டலும், ஜாதியின் பேரால் தங்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு இது என்று பகிரங்கமாக அறிவித்து ஆட மறுத்துவிட்டனர். ஊர் இரண்டுபட்டது. இறுதி ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர், பாலு உபதலைவரானார், பாய் களத்தில் இல்லாத நேரத்தில் கோஷ்டியை நடத்தியும் காட்டினார். 1923-இல் விட்டல் இந்துக் கோஷ்டியின் காப்டனாகி, ஐரோப்பியரை வென்றார். தீண்டாமை ஒழிப்பைக் காங்கிரஸின் கொள்கையாகக் காந்தியடிகள் முன்வைத்து அப்போது மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அண்ணன் முப்பது ஆண்டு உழைத்து ஏற முடியாத படியில் தம்பி ஏறி நின்றதற்கு ஆட்டத் திறமை மட்டுமே காரணம் என்று யார் சொல்ல முடியும்?

அப்பால் பாலு ராஜ்ய விவகாரத்திலேயே இறங்கினார். 1932-ஆம் ஆண்டு செப்டம்பரில், காந்தியடிகளின் உபவாசத்தை முடித்த புனா ஒப்பந்தத்தில், அம்பேத்கரின் கையெழுத்தோடு, நம் சென்னை மாகாணத்து எம். சி. ராஜாவின் கையெழுத்தும், பாலுவின் கையெழுத்தும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில், காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்துப் பாலு நின்று, சுமார் இரண்டாயிரம் வாக்குகளில் தோற்றார். எந்த வீரரைத் தம் குலத்தின் பெருமையாக அந்த மாணவர் ஒரு காலத்தில் கொண்டாடினாரோ, அந்த வீரரையே வாக்குச் சாவடியில் வெல்ல வேண்டியதாயிற்று. ஒருவரையொருவர் மதித்த இருவர் வெவ்வேறு வழிகளை நம்பியதன் விளைவு அது. மேல் ஜாதியாரோடு ஒன்றாக ஆடித் தலைமையை அடைந்துவிடலாம் என்று பாலுவின் வாழ்க்கை சொன்னது; அந்த ஒன்றுக்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று அம்பேத்கரின் அரசியல் கேட்டது.

பந்தயத்தின் கதைக்குத் திரும்புவோம். 1930-இல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியது. தலைவர்கள் சிறையிலிருக்க மைதானத்தில் திருவிழாக் கொண்டாடுவது தகாது என்று பந்தயம் நின்றது. 1934-இல்தான் மீண்டும் நடந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னர், 1936 ஜூலையில், இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரத்து டெஸ்ட் ஆட்டத்தில், விஜய் மெர்ச்சன்ட் என்ற இந்துவும் முஷ்டாக் அலி என்ற முஸ்லிமும் இந்தியாவுக்காக ஜோடியாகப் புகுந்து, முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்து, ஆளுக்கு ஒரு சதம் அடித்தார்கள். கடல் கடந்து போனால் ஒருவருக்கொருவர் ஓட்டம் கொடுத்துக் காப்பாற்றும் அவ்விருவரும், பம்பாய்க்குத் திரும்பி வந்தால் எதிர் எதிர்க் கோஷ்டிகளில் நிற்க வேண்டும். பந்தயத்தின் அமைப்பில் இருந்த கோணல், வாதங்கள் எதுவும் இல்லாமலே அந்த ஒரு ஜோடியில் வெளிப்பட்டது.

1937-இல் பிராபோர்ன் ஸ்டேடியம் புதிதாக எழும்பியது. முதல் ஐம்முனைப் பந்தயம் அங்கே நடக்க ஏற்பாடாயிற்று; ஆனால் தங்களுக்கு ஒதுக்கிய இருக்கைகள் போதா என்று இந்து ஜிம்கானா விலகிக்கொண்டது. சட்டசபையில் எந்தச் சமூகத்துக்கு எத்தனை ஸ்தானம் என்ற வழக்கு எந்த மொழியில் நடந்ததோ, அதே மொழியில் ஸ்டேடியத்தின் காலரியிலும் வழக்கு நடந்தது. 1940 டிசம்பரில் இந்து ஜிம்கானாவின் பிரதிநிதிகள் வார்தாவுக்குப் போய்க் காந்தியடிகளின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். உலகம் யுத்தத்தில் எரிய, தேசத் தலைவர்கள் சிறையில் இருக்கும் காலத்தில் இந்தக் கோலாகலம் வேண்டாம் என்றார் அவர். அதோடு நிறுத்தாமல், கல்லூரிக்கும் கல்லூரிக்கும், ஸ்தாபனத்துக்கும் ஸ்தாபனத்துக்கும் பந்தயம் வைப்பது தமக்கு விளங்குகிறது, மதத்துக்கும் மதத்துக்கும் வைப்பது ஏன் என்பது தமக்கு விளங்கவேயில்லை என்ற கருத்தையும் வெளியிட்டார். 'பம்பாய் கிரானிக்கிள்' பத்திரிகையும் அதன் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் மைத்ராவும் பல ஆண்டுகளாக நடத்திவந்த பிரசாரத்துக்கு அதனால் பலம் கூடியது. அந்த ஆண்டு இந்துக்கள் ஆடவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பந்தயத்தை ஆதரித்தவர்கள் எல்லோரும் வகுப்புவெறியர்கள் அல்லர். மைதானத்தில் இந்துவும் முஸ்லிமும் அடித்துக்கொண்டதில்லை, நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் ஜனங்கள் கைதட்டினார்கள் என்று அவர்கள் சொன்னார்கள்; பெரும்பாலும் அது உண்மையே. மேலும் அந்தப் பந்தயத்தில் கண்ட ஆட்டத்தின் தரம் நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காதது. 1943-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில், மற்றையோர் கோஷ்டி இந்துக்களுக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸில் எடுத்த 387 ஓட்டங்களில் 309-ஐ விஜய் ஹசாரே என்ற கிறிஸ்தவ இளைஞர் ஒருவரே அடித்தார். அவருக்குத் துணை நின்ற தம்பி விவேக் 21 ஓட்டங்களே எடுத்து, முந்நூறு ஓட்டங்கள் சேரும்வரை மறுமுனையைக் காத்தார். அப்படியும் ஹசாரேயின் கட்சி தோற்றது. மறு ஆண்டு முஸ்லிம்கள் ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க இந்துக்களை வென்றபோது, இப்ராஹிம் என்பவர் தொடக்கம் முதல் முடிவு வரை நின்று 137 எடுத்தார். இவற்றைக் கண்டவர்கள் பந்தயத்தை நிறுத்த மனம் ஒப்பாதது வியப்பன்று. ஆனால் மைதானத்தில் கைதட்டியவர்கள் மாலையில் வீடு திரும்பிய தெருக்கள் வேறாகிக்கொண்டிருந்தன. அமைதியான நாட்களில் ஒரு சமூகத்தின் வெற்றி வெறும் வெற்றி. தேசத்தைத் துண்டாக்குவதா என்று பேச்சு நடக்கும் நாட்களில் அதே வெற்றி ஒரு சாட்சியம். 1946-ஆம் ஆண்டுக்கு மேல் அந்தப் பந்தயம் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு தேசத்துக்கே பாகப்பிரிவினை வந்தது.

மைதானத்தில் கோடு இழுப்பதற்கு நம் சென்னையும் விலக்கன்று. சேப்பாக்கத்தில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அந்நாளில் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அங்கே ஆடப் போன இந்தியர்கள் பெவிலியனுக்குள் இடமின்றி மரத்தடியில் அமர்ந்து சாப்பிட்டார்கள் என்பது பழைய சென்னைக்காரர் வழங்கும் செய்தி. அதைப் பொறாமல் புச்சி பாபு நாயுடு தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவி, இளைஞர்களுக்கு மட்டையும் உடையும் வாங்கித் தந்து பழக்கினார். இந்தியரும் ஐரோப்பியரும் சமமாக நின்று ஆடும் பந்தயம் ஒன்று வேண்டுமென்று அவர் செய்த பிரயத்தனம், அவர் காலமான 1908-ஆம் ஆண்டில் கைகூடியது. பின்னர் அது பொங்கலை ஒட்டி நடக்கும் ஊர்த் திருவிழாவாகவே ஆகிவிட்டது. கரும்பும் மஞ்சளும் போலப் பொங்கலுக்குச் சேப்பாக்கமும் சேர்ந்தது. இங்கே கோடு ஒன்றே: ஆள்பவர், ஆளப்படுபவர். இந்தியர் பக்கத்தில் யார் இந்து, யார் முஸ்லிம், யார் கிறிஸ்தவர் என்று பந்தயத்தின் அமைப்பு கேட்கவில்லை. அதனால் சென்னையில் ஜாதியும் மதமும் இல்லாமற்போயின என்று எவரும் சொல்ல மாட்டார்கள். எந்தக் கோட்டை மைதானத்தில் இழுப்பது என்பதில் அவரவருக்குத் தெரிவு இருந்தது என்பதே நாம் காண வேண்டியது.

அந்தத் தெரிவுக்கு வேறோர் உதாரணமும் அதே சேப்பாக்கத்தில் கிடைக்கிறது. மாகாணங்களும் சமஸ்தானங்களும் பிரதேச வாரியாக ஆடும் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் தேதி அங்கேதான் நடந்தது. சென்னை அணியின் எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48-க்கும் 59-க்கும் வீழ்ந்தது. சென்னை எடுத்தது 130. பொழுது சாய்வதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. அன்று பதினொரு விக்கெட்டுகள் எடுத்த ராம் சிங், சென்னையிலே பிறந்த சீக்கியர். சென்னையின் தலைவரோ ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பொங்கல் பந்தயத்தில் ராம் சிங்கும் கோபாலனும் எந்த ஜான்ஸ்டனை எதிர்த்து ஆடுவார்களோ, அவரே இங்கு அவர்களுக்குத் தலைவர். மனிதர் மாறவில்லை, மைதானம் மாறவில்லை. கோட்டை வேறிடத்தில் போட்டதும் எதிரி தோழனாகிவிட்டான். பிரதேசம் என்ற கோட்டிலும் அரசியல் இருக்கத்தான் செய்தது. கோப்பையைக் கொடுத்தவர் ஒரு மகாராஜா. பெயர் கொடுத்தவர் இங்கிலாந்துக்காக ஆடிய ஒரு சமஸ்தான மன்னர். ஆயினும், பிறப்பால் எவரையும் வெளியே நிறுத்தாத கோடு அது. இன்று மைசூரில் இருப்பவன் நாளை சென்னைக்குக் குடிவந்து சென்னைக்காக ஆடலாம். பார்சியாக மாறி எவனும் ஆட முடியாது.

இன்றும் பம்பாயின் மரீன் டிரைவ் கடற்கரைச் சாலையில் நடந்து போகிறவர்கள், பார்சி ஜிம்கானா, இஸ்லாம் ஜிம்கானா, இந்து ஜிம்கானா என்று வரிசையாக நிற்கும் கட்டடங்களைக் காணலாம். ஐம்முனைப் பந்தயம் போயிற்று. அதைப் பெற்ற நிலப் பங்கீடு அப்படியே நிற்கிறது. அந்தப் பங்கீட்டைச் செய்த நாளில், விளையாட்டில் அரசியல் நுழைகிறது என்று சொன்னவர் ஒருவருமில்லை. அது நிர்வாகம் என்று பெயர் பெற்றது. பாலுவுக்கு மண் குவளையில் தேநீர் கொடுத்தபோதும் அப்படிச் சொன்னவர் இல்லை. அது ஆசாரம் என்று பெயர் பெற்றது. அவருடைய தம்பிமார்கள் ஆட மாட்டோம் என்று சொன்னபோதுதான், காந்தியடிகள் ஏன் என்று கேட்டபோதுதான், அரசியல் என்ற சொல் நினைவுக்கு வருகிறது. அந்தக் குவளையை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பல்வங்கர் சகோதரர்கள் அல்லர். அதை எல்லோரும் காணும்படி எடுத்துக் காட்டியது ஒன்றே அவர்கள் செய்தது.